முகம் துபாய், கழுத்து கோவளம்

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், இஞ்சி பூண்டு விழுதுக்குப் பக்கத்தில், லேபிள் இல்லாத ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதா? பிரியாணிக் கடையில் ரைத்தா ஊற்றித் தருவார்களே, அந்த சைஸ். உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளையில் க்ரீம், லேசாக அத்தர் வாசனை. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சும்மா கேட்கவில்லை. கோவளத்திலிருந்து செய்யூர் வரைக்கும் அப்படிப் பதினேழு டப்பாக்கள் இன்னும் யார் யார் வீட்டிலோ உட்கார்ந்திருக்கின்றன. பதினெட்டாவது, கருங்குழியில் என் அக்கா வீட்டில். அக்காவுக்கு இது ஆறாவது மாதம். அவள் அந்த டப்பாவை விடுகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கப்போவதில்லை. அதனால்தான் போனில் கட்டை விரல் வலிக்க அடித்துக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த டப்பாக்களை எல்லாம் ஒரே கைதான் நிரப்பியது. அந்தக் கையைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும்.

பெயர் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அவள் சாச்சி. சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில், பள்ளிவாசலுக்குப் பின்னால் கடலுக்குப் போகிற சந்தில், எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவளுடைய வீட்டுக்காரரின் அண்ணன் பிள்ளைகள் சாச்சி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டார்கள். நாங்களும் கூப்பிட்டோம். நாங்கள் வேதக்கார வீடு, அவர்கள் பாய் வீடு என்பதெல்லாம் பெரிய பஞ்சாயத்தாக இருந்ததில்லை. அம்மாவுக்கு ஈசிஆர் ரிசார்ட்டில் லாண்டரி வேலை. ஸ்கூல் விட்டு வந்தால் ஆறு மணி வரைக்கும் அக்கா ஸ்டெல்லாவும் நானும் சாச்சி வீட்டில்தான் கிடப்போம்.

சாச்சியின் கை சும்மா இருக்காது. மொத்த ஆளும் அவ்வளவுதான். மருதாணி வைத்துக்கொண்டால் சந்தில் போகிறவளைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு பொட்டு வைப்பாள். தலைக்கு எண்ணெய் தேய்த்தால், கையில் மிச்சம் ஒட்டியிருப்பது பக்கத்தில் எந்தத் தலை இருக்கிறதோ அதற்கு. ஒரு தடவை கேளம்பாக்கம் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண் கம்பியில் தலை சாய்த்திருந்தாள். சாச்சி இடுப்பிலிருந்து தைலத்தை எடுத்து, பின்னாலிருந்தே கையை விட்டு அவள் நெற்றியில் தேய்த்துவிட்டாள்.

"ஏம்மா, யாரு நீ?" என்று அந்தப் பெண் அலறினாள்.

"தலவலிதான? அரை மணி நேரமா பாத்துகினு வரேன். பொறுத்துக்கோ, இப்ப போயிடும்."

"எனக்கு தலவலியே இல்லம்மா!"

"இல்லன்னா இன்னா, வராம இருக்கும்."

பஸ்ஸே சிரித்தது. இறங்கும்போது அந்தப் பெண் சாச்சியிடம் தைலம் எந்தக் கடை என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்படி ஒரு கை அது. உங்கள் முகத்தை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பிடித்துக்கொண்டுதான் எதையும் பேசும். "ஒன் மூஞ்சிய குடு" என்பாள். நமஸ்காரம், சலாம், குட் மார்னிங் எல்லாமே அவளுக்கு அதுதான். நானும் ஸ்கூலிலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு முகத்தைக் கொடுப்பேன்.

இப்போது அந்த ஞாபகம் வரும்போதெல்லாம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன்.

க்ரீம் துபாயிலிருந்து வந்தது. அங்கே வேலை பார்த்த சாச்சியின் கொழுந்தன் லீவுக்கு வரும்போது பால்பவுடர் டின், சோப்பு, சென்ட், அதோடு இரண்டு வகை க்ரீம். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். சாச்சி முதல் வேலையாக லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவாள். மெடிக்கல் ஷாப்காரன் பார்த்தால் அவனே தருவித்துக்கொள்வானாம். அப்புறம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வெள்ளை, மஞ்சள், மெடிக்கல் ஷாப் ஆயின்ட்மென்ட் ஒரு ட்யூப், இரண்டு சொட்டு அத்தர். ஸ்பூனின் பின்பக்கத்தால் கலக்கிக்கொண்டே இருப்பாள்.

"தனித்தனியா போட்டா சூடு. கலந்து போட்டா குளிர்ச்சி" என்பாள்.

"யாரு சொன்னா சாச்சி?"

"என் மூஞ்சி சொல்லுச்சு. மொதல்ல என் மூஞ்சி, அப்புறம்தான் ஊரு மூஞ்சி."

அது உண்மை. எதையும் தன் முகத்தில் போட்டுப் பார்க்காமல் ஊருக்குத் தர மாட்டாள். அந்த முகம் அப்படிப் பளபளக்கும். ஈசிஆர் பிரியாணிக் கடையில் ரைத்தா டப்பாக்களை மொத்தமாக வாங்கி வந்து நிரப்பி ஃப்ரிட்ஜில் அடுக்குவாள். "குளுகுளுன்னு இருந்தாதான் வேல செய்யும்." ஒரு நாள் நான் நிஜமான ரைத்தா என்று நினைத்து ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள். வீடே அரை மணி நேரம் சிரித்தது.

கல்யாணப் பெண் யாராக இருந்தாலும், இந்து, முஸ்லிம், கிறிஸ்டியன் பாகுபாடே கிடையாது, நாற்பது நாளைக்கு முன்னால் சாச்சியிடம் வந்து முகத்தைக் கொடுப்பாள். நாற்பதாவது நாள் சோப்பு விளம்பரம் மாதிரி போவாள். எங்கள் சந்துக் கல்யாண ஆல்பம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். முகம் ஒரு கலர், கழுத்துக்குக் கீழே வேறு கலர். ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு ஆல்பத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன்:

"முகம் துபாய், கழுத்து கோவளம்."

எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது சாச்சிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி, கரெக்டா சொன்னடி! இத்தினி நாளா எனக்குத் தோணல பாரு. ஏ பொண்ணுங்களா, இனிமே கழுத்துக்கும் சேத்துப் போடுங்கடி" என்றாள்.

அன்றிலிருந்து கழுத்துக்கும் போட்டார்கள். டப்பா சீக்கிரம் தீர்ந்தது. சாச்சி பெரிய கிண்ணம் வாங்கினாள். என் ஜோக்கினால்.

அக்காவின் கல்யாணத்துக்கும் அதே நாற்பது நாள். மாப்பிள்ளை கருங்குழி, ஜிஎஸ்டி ரோடு கம்பெனியில் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, அதாவது இப்போதைய அத்தை, அக்காவின் தாடையை நிமிர்த்திப் பார்த்து, "நம்ம வூட்ல இந்தக் கலரு யாருக்கும் இல்ல" என்று பெருமையாகச் சொன்னது. அக்கா சிரிக்கவில்லை. ராத்திரி என்னிடம், "இனிமே வாழ்க்க முச்சூடும் போடணும் போலடி" என்றாள். ஜோக் என்று நினைத்தேன். சாச்சி அவள் சூட்கேஸில் டப்பா டப்பாவாக வைத்து அனுப்பினாள். சின்ன வயசிலிருந்து அக்காவோடு சேர்ந்து போட்ட நான் மட்டும் காலேஜ் சேர்ந்ததும் நிறுத்திவிட்டேன். கொள்கை ஒன்றும் இல்லை, கெத்து. கெமிஸ்ட்ரி படிக்கிறவள் முகத்தில் கண்டதைப் பூசினால் மானம் போய்விடும் என்று. அது என்ன க்ரீம், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் அந்த கெமிஸ்ட்ரி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

முதலில் சாச்சியின் கால் வீங்கியது. அப்புறம் டீ டம்ளரைத் தரும்போது சாஸரில் கொட்டியது. "கை இன்னா சாச்சி ஆடுது?" என்றால், "ஆடல, தாளம் போடுது" என்பாள். ஒரு நாள், "வாய்ல காசு வெச்சிகினு இருக்கா மாதிரியே கீதுடி, நாஸ்தா துன்னாலும் போவல" என்றாள். தூக்கம் போனது. எப்போதும் சிரிக்கிறவள் மருமகள் நஸ்ரினைப் பார்த்து ஒன்றுமில்லாததற்குக் கத்தினாள், அப்புறம் உட்கார்ந்து அழுதாள். எல்லோரும் சுகர் என்றார்கள். எங்கள் ஊரில் காரணம் தெரியாத எல்லாமே சுகர்தான்.

செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் போனோம். துணைக்கு நான். படித்தவள் இல்லையா. சின்ன வயசு டாக்டர், நல்ல ஆள். கிட்னியில் புரோட்டீன் ஒழுகுகிறது என்றார். சுகர் இல்லை. எதற்கும் பார்ப்போம் என்று சிறுநீரைச் சென்னைக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டில் பாதரசம் இருந்தது. இருக்கவே கூடாத அளவுக்கு.

"நாட்டு மருந்து, லேகியம், செந்தூரம், க்ரீம், ஏதாவது யூஸ் பண்றீங்களாம்மா?" என்று கேட்டார்.

"மருந்தெல்லாம் ஒன்னும் துன்றதில்ல டாக்டர்" என்றாள் சாச்சி. பொய் இல்லை. க்ரீமை அவள் ஒரு நாளும் மருந்து என்று நினைத்ததில்லை. அது பவுடர் மாதிரி, பூ மாதிரி. டாக்டர் இன்னொரு தடவை கேட்டிருப்பார். வாய் திறந்தார். அதற்குள் நான் குறுக்கே விழுந்தேன்.

"டாக்டர், இவங்க வாரத்துல நாலு நாள் சுறா சாப்பிடுவாங்க."

அந்த மாதம்தான் காலேஜில் பாதரசம் பற்றி செமினார் எடுத்திருந்தேன். நிலக்கரி எரிகிற புகைபோக்கி, அதிலிருந்து காற்று, காற்றிலிருந்து மழை, மழையிலிருந்து சேறு, சேற்றுக் கிருமி அதை வேறு உருவமாக மாற்ற, அதைச் சின்ன மீன் தின்ன, சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, பெரிய மீனில் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் நம் தட்டு. ஸ்லைடு ஸ்லைடாக. கைதட்டல் எல்லாம் கிடைத்தது. அந்த க்ளினிக்கிலும் அதையே ஓட்டினேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே மீனைக் குறைக்கச் சொல்லி எழுதினார். இன்னொரு ஸ்லைடும் இருந்தது: மீனில் வருவது பெரும்பாலும் ரத்தத்தில் தெரியும், சிறுநீரில் கூடுதலாகத் தெரிந்தால் வேறு வழியாக உள்ளே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டைம் இல்லை என்று செமினாரில் அந்த ஸ்லைடைத் தாண்டிப் போனது நான்தான்.

ஊருக்கு வந்ததும் சந்து முழுக்க லெக்சர். சாச்சிக்கு சுறாப்புட்டு கட், வஞ்சிரம் கட். மீன் விற்கும் எல்லம்மாக்கா கூடையோடு வந்து வாசலில் நின்றது.

"இன்னாடி, எங்க மீன்ல வெசம் கீதுன்னு சொல்லிகினு திரியுறியாமே?"

"வெசம்னு சொல்லலக்கா. பெரிய மீன்ல பாதரசம் சேரும். அது சயின்ஸ்."

"ஒன் சயின்ஸு ஒரு நாளு கட்டுமரத்துல ஏறி வரட்டும், பேசிக்கலாம். என் மாமியா எம்பது வயசு வரிக்கும் சுறா துன்னுச்சு. அதுக்கு கையும் ஆடல, காலும் ஆடல. பாயம்மா, நீ இவ பேச்ச கேக்காத."

சாச்சி என் கன்னத்தைப் பிடித்தாள். "படிச்ச புள்ள சொல்லுது எல்லம்மா. எனக்கோசரம்தான் சொல்லுது." அன்றோடு மீனை நிறுத்தினாள். கடலுக்கு நூறடி தூரத்தில் குடியிருந்துகொண்டு மூன்று மாதம் பருப்பும் ரசமும் சாப்பிட்டாள். முகம் வாடிவிட்டதென்று க்ரீமை இரண்டு வேளையாக்கினாள்.

கை ஆடுவது அதிகமானது. எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது அப்போதுதான். மீன் இல்லை, ஆனால் ஏறுகிறது. எங்கிருந்து? தண்ணீரா? காற்றா? வீட்டுச் சுவரா? அவள் வீட்டில் டீ குடிக்கவே கூசியது எனக்கு. வெட்கமாக இருக்கிறது, ஆனால் குடிக்காமல் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன்.

அப்புறம் பாப்பா.

நஸ்ரினின் பெண் குழந்தை, பத்து மாதம். திடீரென்று அழ ஆரம்பித்தது. பசி அழுகை இல்லை, பால் கொடுத்தாலும் அழுகை, தூக்கினாலும் அழுகை. நனைந்த மாதிரி வேர்த்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டது. சாச்சியின் தோளில் மட்டும் கொஞ்சம் அடங்கும். அவள் கன்னத்தோடு கன்னத்தை ஒட்டி வைத்து, தாடையைச் சப்பிக்கொண்டே தூங்கும். "பாத்தியா, நன்னி வாசன தெரியுது இதுக்கு" என்று பேத்தியை அந்த ஆடும் கையால் தட்டிக்கொடுப்பாள்.

மறுபடி செங்கல்பட்டு. இந்தத் தடவை குழந்தைகள் டாக்டர், வயசான அம்மா. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நீ கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார். பாட்டியின் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். பாப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொழந்த மீன் சாப்பிடுதா?"

"இல்ல டாக்டர், பாலும் பிஸ்கட்டும்தான்" என்றாள் நஸ்ரின்.

"யாரு அதிகமா தூக்குவீங்க?"

பாப்பா சாச்சியின் தோளில்தான் இருந்தது. டாக்டர் எழுந்து வந்து சாச்சியின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். காதுக்குப் பின்னால் இருந்த நிஜமான நிறத்தையும் பார்த்தார்.

"மூஞ்சிக்கு இன்னா போடுறீங்கம்மா?"

சாச்சி சந்தோஷமாகச் சிரித்தாள். எல்லாப் பெண்களும் கடைசியில் கேட்கிற கேள்விதானே அது. "ஒங்களுக்கும் ஒரு டப்பா குடுக்கறேன் டாக்டர். வூட்லயே கலக்குறது."

அந்த எவர்சில்வர் கிண்ணம், ஸ்பூன், ஃப்ரிட்ஜ் கதவு, ரைத்தா டப்பாக்கள், கல்யாண ஆல்பங்கள், அக்காவின் சூட்கேஸ், எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார். சில க்ரீம்களில் பாதரசம் சேர்க்கிறார்கள், தோலில் கறுப்பு ஊறாமல் தடுக்க. அது தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போகும், கிட்னிக்குப் போகும், நரம்புக்குப் போகும். போட்டவரோடு நிற்காது. துண்டில் ஒட்டும், தலையணையில் ஒட்டும், ஆவியாக அறைக்குள் நிற்கும். தொடுகிறவர்களுக்கும் ஏறும். வயிற்றில் குழந்தை இருந்தால் அதற்கும் போகும், மூளை வளர்கிற நேரத்தில்.

சாச்சி பாப்பாவைத் தோளிலிருந்து இறக்கி நஸ்ரினிடம் நீட்டினாள். பாப்பா அவள் தாடையை விடாமல் அழுதது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து சாச்சியின் கைகளை நான் பார்க்கவில்லை. முக்காட்டுக்குள் சுருட்டி வைத்திருப்பாள், இல்லாவிட்டால் தொடைக்கு அடியில் கொடுத்து அதன் மேல் உட்கார்ந்திருப்பாள். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் வெடித்திருந்தது என்று நஸ்ரின் சொன்னாள். நான் பக்கத்தில் போனால், "அங்கயே நில்லுடி" என்பாள். "இன்னா சாச்சி, இப்பதான் போடறதில்லயே" என்றேன். "எனக்கு தெரியாது கண்ணு. இந்தக் கை இன்னும் இன்னா வெச்சிகினு கீதோ, எனக்கு தெரியாது."

பாப்பாவுக்கு மருந்து கொடுத்தார்கள். தலையணை, பாய், துண்டு எல்லாவற்றையும் அகற்றினார்கள். பல வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அது அழாமல் வாசலில் உட்கார்ந்து ஒரு மூடியை உருட்டி விளையாடியது. சாச்சி கிட்டே போகாமல் அதைச் சுவருக்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் என்னைக் கூப்பிட்டாள். "பேப்பர் எடு. எழுது." கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முகமாகச் சொன்னாள். பாதிப் பேரின் பெயர் அவளுக்குத் தெரியாது. வலது கன்னத்தில் மச்சம் உள்ளவள், செய்யூர் சவுக்குத்தோப்பு வீட்டுப் பெண், பல் தூக்கினவள், மகாபலிபுரத்தில் சிப்பிக்கடை வைத்திருக்கிறவளின் தங்கச்சி. அறுபத்து மூன்று முகம். வீங்கின காலோடு பஸ் ஏறி ஏறி, "குடுத்தத திருப்பிக் குடு" என்று கேட்கக் கிளம்பிவிட்டாள். பல நாள் நானும் கூடப் போனேன். துப்பட்டாவால் கையை மூடிக்கொண்டு வாசலிலேயே நிற்பாள்.

நம்ப மாட்டீர்கள், முதலில் பாதிப் பேர் தரவில்லை. "நல்லாத்தான கீது சாச்சி?" என்றார்கள். ஒருத்தி, "வேற க்ரீம் வந்துட்சா, அதான் பழசக் கேக்கறியா?" என்றாள். இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். சாச்சி ஒரு வீட்டுக்கு நாலு தடவை போனாள். கெஞ்சி, திட்டி, அழுது, நாற்பத்தாறு டப்பா சேர்த்தாள். எல்லாம் பழைய துபாய் பால்பவுடர் டின்னுக்குள் போனது. கருங்குழிக்கும் அவளே போனாள். அக்கா ஒரு பேச்சு பேசாமல் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாளாம். "ஸ்டெல்லா தங்கம்டி. கேட்டதும் குடுத்துட்சு" என்று திரும்பி வந்து சொன்னாள். முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதியையும் அவள்தான் கொண்டுவந்தாள்.

மிச்சம் பதினேழு. அதற்குள் மழை வந்துவிட்டது.

ஒரு நாள் டின்னை என் முன்னால் தள்ளினாள். "நீதான் படிச்சவ. இத எங்க கொட்டறது?"

குப்பை வண்டியில் போட்டால் எங்கேயாவது எரிப்பார்கள், காற்றில் போகும். புதைத்தால் கிணறு. கால்வாயில் கொட்டினால் முட்டுக்காடு கழிமுகம், இறால், நண்டு. எல்லம்மாக்கா படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப மீன்லேந்து நம்மளுக்கு வர்ல. நம்மகிட்டேந்து மீனுக்குப் போவுது. அப்டித்தான?"

"ரெண்டும்தான்க்கா" என்றேன். இத்தனை வருஷம் சாச்சி அந்தக் கிண்ணத்தைக் கழுவி ஊற்றின தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று மூன்று பேருமே வாசல் கால்வாயைப் பார்த்தோம்.

காலேஜ் லேப் சாரிடம் கேட்டேன். "இங்க கொண்டு வந்துடாதம்மா" என்றார். பழைய எலக்ட்ரானிக் சாமான் எடுக்கிற கடைக்குப் போன் செய்தேன். "லேப்டாப் இருந்தா குடுங்க மேடம், க்ரீமெல்லாம் எடுக்கறதில்ல" என்றான். டின் என் கட்டிலுக்கு அடியில் வந்தது, பாலித்தீன் கவர் மூன்று சுற்றி.

சாச்சி அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டாள். கிட்னி அப்படி ஒழுகினால் காலில் ரத்தம் கட்டுமாம். அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. கடைசியாகப் பார்க்கப் போனபோது நானே என் முகத்தை அவள் பக்கம் நீட்டினேன். "ஒன் மூஞ்சிய குடுன்னு கேளு சாச்சி" என்றேன். தலையை இல்லை என்று ஆட்டினாள். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வரவில்லை.

போன வாரம் மூடி எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, மாஸ்க்கும் க்ளவுஸும் போட்டுக்கொண்டு டின்னைத் திறந்தேன். நாற்பத்தைந்து டப்பாவில் க்ரீமின் ஓரம் சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தது. பாதரசம் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் கறுக்கும். ஒரு டப்பா மட்டும் பால் மாதிரி வெள்ளை. மூடியில் எழுதத் தெரியாத சாச்சி போட்ட கோடு, பக்கத்தில் என் கையெழுத்தில் 'கருங்குழி'. அதில் அத்தர் வாசனையும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பூசுகிற சாதாரண கோல்ட் க்ரீம் வாசனை.

உடனே போன் போட்டேன்.

"அக்கா, சாச்சிகிட்ட இன்னா டப்பா குடுத்த?"

ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சாச்சி திருப்தியாப் போவட்டும்னு குடுத்தன்டி" என்றாள்.

"நெசமான டப்பா எங்க?"

"கீது."

"போடுறியா?"

"நிறுத்திப் பாத்தன். பத்து நாளு. பத்தே நாள்ல மூஞ்சி பழயபடி ஆயிட்சு, முன்ன விட மோசமா. எங்க அத்த எல்லார் முன்னாடியும் 'இன்னா ஸ்டெல்லா, கரி மூட்ட தூக்கப் போனியா'ன்னு சிரிக்குது. வெளிய சிரிப்பு, உள்ள இன்னான்னு எனக்குத் தெரியும். அடுத்த மாசம் வளகாப்பு. போட்டோகிராபர்லாம் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும்தான்டி. அப்புறம் வுட்டுர்றேன்."

"அக்கா, பாப்பாவுக்கு இன்னா ஆச்சுன்னு நீ பாக்கலயா? வயித்துல கீறது அத விட சின்னது."

"ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்க."

"ஸ்கேன்ல இது தெரியாதுக்கா!"

"ஒனக்கு மட்டும் எல்லாம் தெரியும். அன்னிக்கு மீனுன்ன. பாவம், சாச்சி ஆசப்பட்டத துன்னாமலே கெடந்துச்சு. இன்னிக்கு க்ரீமுன்ற. நாளிக்கு இன்னான்னுவ, தண்ணியா? வை போன."

அவள் சொல்வதில் பாதி சரி. அந்த க்ளினிக்கில் நான் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாப்பா வரைக்கும் போயிருக்காது. அதற்கு அப்புறம் அக்கா வாங்கிப் போன டப்பாக்களும் போயிருக்காது. இப்போது சத்தியம் பண்ணினாலும் என்னை நம்பாத ஆள்தான், நம்பியே ஆக வேண்டிய ஆள்.

ஞாயிற்றுக்கிழமை கருங்குழிக்கே போனேன். அக்கா சிரித்துக்கொண்டே ஜூஸ் கொடுத்தாள். நான் ஃப்ரிட்ஜ், பீரோ, பாத்ரூம் ஷெல்ஃப், அரிசி டின் வரைக்கும் துழாவினேன். கிடைக்கவில்லை. மச்சானிடம் சொன்னேன், அவர் அவரம்மாவைப் பார்த்தார். அவரம்மா, "புள்ளத்தாச்சிகிட்ட இன்னா பேச்சு பேசறா இவ? வளகாப்பு வரிக்கும் இந்தப் பக்கம் வராதம்மா" என்றது. அம்மா பேசினாலும் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, "தூக்கிப் போட்டுட்டேன்மா" என்கிறாள். குழந்தைகள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கூட்டிக்கொண்டு வா, ரத்தமும் சிறுநீரும் டெஸ்ட் எடுக்கலாம், நிறுத்தினால் இன்னும் நேரம் இருக்கிறது என்றார். இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டு நான் இந்த வாரம் முழுக்க நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

சாச்சி இருந்திருந்தால் இன்னொரு தடவை பஸ் ஏறியிருப்பாள். கையை மூடிக்கொண்டு அந்த வாசலில் நின்று, டப்பா வருகிற வரைக்கும் நகர்ந்திருக்க மாட்டாள். எனக்கு அந்தக் காலும் இல்லை, அந்த முகமும் இல்லை. டைப் பண்ண மட்டும்தான் தெரியும். பதினேழு வீட்டில் யாராவது ஒருத்தி இதைப் படித்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் போதும். இதை அக்காவுக்கும் அனுப்புகிறேன். திட்டுவாள். திட்டட்டும்.

இந்தப் பத்தியை அடித்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வளைகாப்புப் புடவை எடுத்திருக்கிறாளாம், உடுத்திப் பார்த்து செல்ஃபி. மாம்பழக் கலர் பட்டு, வயிற்றின் மேல் ஒரு கை. முகம் பளபளக்கிறது.

இந்தத் தடவை கழுத்தும் அதே கலர்.